வாரத்தில் ஒரு நாள்: இலவச வழக்குப் பணியை எந்த வழியில் செய்வது?

சில மாதங்களுக்கு முன்பு என் அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தார். வயர் கூடைக்குள், துணிக்கடைப் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு கேஸ் கட்டு வைத்திருந்தார். கணவரிடம் ஜீவனாம்சம் கேட்டு அவர் போட்ட மனு, மனுதாரர் தரப்பில் யாரும் ஆஜராகவில்லை என்பதால் தள்ளுபடியாகியிருந்தது. பணம் வாங்காமல் நடத்தித் தருகிறேன் என்று மனமுவந்து வக்காலத்துப் போட்ட வழக்கறிஞர் முதல் சில வாய்தாக்களுக்கு வந்திருக்கிறார், பிறகு வரவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் இந்தப் பெண் மட்டும் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து, வராந்தாவில் நின்று, அடுத்த தேதியை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்பியிருக்கிறார். வழக்கறிஞரிடம் நேரில் போய்க் கேட்கவில்லையா என்றேன். "காசு குடுக்கலியே வக்கீலம்மா, எந்த மொகத்த வெச்சுக்கிட்டுக் கேக்குறது?" என்றார்.

ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்சத்தை மனுத் தாக்கல் செய்த தேதியிலிருந்தே வழங்க வேண்டும் என்று தெளிவாக்கியது. ஆகவே மனு தள்ளுபடியாகும்போது போவது ஒரு வழக்கு எண் மட்டுமன்று. அந்தத் தேதியிலிருந்து சேர்ந்திருக்க வேண்டிய மாதாந்தரத் தொகையும் சேர்ந்தே கேள்விக்குறியாகிறது. பழைய மனுவை மீட்கப் போராடலாம், அல்லது புதிதாகப் போடலாம். புதிதாகப் போட்டால் கணக்கு அன்றிலிருந்துதான் தொடங்கும். அந்த வழக்கறிஞர் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை என்றே நம்புகிறேன். வருமானம் தரும் வழக்குகள் கூடியிருக்கும், வேறு ஊர் நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டியிருந்திருக்கும், இலவச வழக்கு தானாகவே கட்டின் அடிப்பகுதிக்குப் போயிருக்கும். கட்டணம் கொடுத்த கட்சிக்காரர் என்றால் சண்டை போட்டாவது கேட்டிருப்பார். கட்டணம் கொடுக்காதவர் கேட்கும் உரிமையையும் இழந்துவிட்டதாகவே நினைத்துக்கொள்கிறார்.

அதனால்தான், இலவசமாக வழக்கு நடத்த விரும்புகிறேன், எந்த வழியில் சேரட்டும் என்று இளம் வழக்கறிஞர்கள் என்னிடம் கேட்கும்போது, எந்த வழியில் அதிகப் பேருக்கு உதவலாம் என்பதைக் கொண்டு மட்டும் ஒப்பிட வேண்டாம் என்கிறேன். நான் வராமல் போனால் என்னைக் கேட்க யார் இருக்கிறார்கள் என்பதையும், வழக்குக்கு ஆகும் கைச்செலவை யார் ஏற்கிறார்கள் என்பதையும், கடைசி வாய்தாவரை என்னால் நிற்க முடியுமா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். மாவட்டத் தலைநகரிலோ வட்ட நீதிமன்ற ஊரிலோ தொழில் செய்துகொண்டு, வாரத்தில் ஒரு நாளையோ அரை நாளையோ கொடுக்கக்கூடிய ஒரு வழக்கறிஞரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இது விருப்பப்பட்டால் செய்யும் தர்மம் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளின் 46-ஆம் விதி அப்படிச் சொல்லவில்லை. உண்மையாகவே வழக்கறிஞர் தேவைப்படும் எவருக்கும், முழுக் கட்டணம் கொடுக்க இயலாவிட்டாலும் சட்ட உதவி பெற உரிமை உண்டு என்பதையும், தன் பொருளாதார நிலைக்கு உட்பட்டு எளியவர்களுக்கும் ஒடுக்கப்பட்டவர்களுக்கும் இலவசமாக உதவுவது வழக்கறிஞர் சமூகத்துக்கு ஆற்ற வேண்டிய உயர்ந்த கடமைகளுள் ஒன்று என்பதையும் அது நினைவூட்டுகிறது. அரசின் கடமையை 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் வழியாக அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 39ஏ பிரிவு சொல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று நீக்கிவிடுவதில்லை. அரசு செய்யட்டும் என்று வழக்கறிஞரும், வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அரசும் இருந்துவிடும் இடைவெளியில்தான் வயர் கூடையுடன் வருபவர்கள் நிற்கிறார்கள்.

முதல் வழி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் சேர்வது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1995 நவம்பர் 9-இல்தான் நடைமுறைக்கு வந்தது. மாநில ஆணைக்குழு, அதன் கீழ் மாவட்ட ஆணைக்குழு, அதன் கீழ் வட்டச் சட்டப் பணிகள் குழு என்று இன்று நாம் காணும் அடுக்கு அந்தச் சட்டத்தால் வந்தது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், பேரிடரால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோர் 12-ஆம் பிரிவின்கீழ் உதவி பெறலாம். மற்றவர்களுக்கு மாநிலம் நிர்ணயித்த வருமான வரம்பு உண்டு. பெண் என்றால் வருமானச் சான்று தேவையில்லை என்பது நம் வழக்கறிஞர்களுக்கே பல நேரங்களில் தெரிவதில்லை. வருமானத்தைக் காட்ட வேண்டியவர்களுக்கும், 13-ஆம் பிரிவின்படி ஓர் உறுதிமொழிப் பத்திரமே பொதுவாகப் போதுமானது. தாசில்தார் அலுவலகத்துக்கு மூன்று நடை நடக்க வைப்பது சட்டத்தின் நோக்கமன்று.

பட்டியலில் சேர, தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2010-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி குறைந்தது மூன்றாண்டு அனுபவம் வேண்டும். வழக்கு ஒதுக்கப்பட்டால் மதிப்பூதியம் கிடைக்கும். அது வெளிச்சந்தைக் கட்டணத்தோடு ஒப்பிடத் தக்கதன்று, பல நேரம் தாமதமாகத்தான் வரும். மதிப்பூதியம் வாங்கினால் அது எப்படித் தன்னார்வப் பணியாகும் என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் எனக்கு ஆர்வமில்லை. கட்சிக்காரரிடம் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது என்று அதே ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. அவர் கண்ணுக்கு அது இலவசம், அதுவே போதும். சிறு தொகையானாலும் அது ஒரு கோப்பை உருவாக்குகிறது, கோப்பு ஒரு கேள்வியை உருவாக்குகிறது. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று நான் அறிக்கை தர வேண்டும். அதைப் பார்ப்பதற்கென்றே கண்காணிப்புக் குழு ஒன்று உண்டு. வழக்கிலிருந்து விலக விரும்பினால் காரணத்தைச் செயலாளரிடம் தெரிவிக்க வேண்டும். நான் ஒழுங்காக வரவில்லை என்று கட்சிக்காரர் முறையிட்டால், செயலாளர் வேறொருவரை நியமிக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்ல வேண்டும். ஒருவர் வக்காலத்துப் போட்ட வழக்கில் அவருடைய ஒப்புதல் இல்லாமல் இன்னொருவர் ஆஜராகக் கூடாது என்பது நம் தொழில் விதி. ஒப்புதல் கிடைக்காவிட்டால் நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். தனிப்பட்ட முறையில் இலவசமாக எடுத்த வழக்கறிஞர் கைவிட்டுவிட்டால், அந்த ஒப்புதலுக்காகக் கட்சிக்காரர்தான் அவர் அலுவலக வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. ஆணைக்குழு வழியாக வந்த வழக்கில் அந்தச் சங்கடம் செயலாளரின் மேசையில் தீர்கிறது. சிறிய விஷயம் போலத் தோன்றும், ஆனால் ஓர் ஏழைப் பெண்ணின் மூன்று மாதத்தை அது காப்பாற்றும்.

கைச்செலவிலும் இந்த வழியே முந்துகிறது. சட்டத்தின்கீழ் தரப்படும் உதவியில் நீதிமன்றக் கட்டணம், சம்மனுக்கான பேட்டா, சான்றிட்ட நகல், தட்டச்சு, மொழிபெயர்ப்பு ஆகியவையும் அடங்கும். வழக்கறிஞர் கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்துவிட்டு இவற்றைக் கட்சிக்காரரிடம் கேட்டால், அவர் மறு வாய்தாவுக்கு வராமல் போவதற்கு அதுவே காரணமாகிவிடும்.

குறைகளும் உண்டு. வழக்கைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெரும்பாலும் நம்மிடம் இல்லை. ஒதுக்கீடு சில மாதம் ஒன்றுமில்லாமலும் சில மாதம் குவியலாகவும் வரும். "கவர்மென்ட் வக்கீல்" என்று நினைத்துக்கொண்டு மக்களே நம்மை முழுதாக நம்பாமல், கம்மலை அடகு வைத்துத் தனி வக்கீலைத் தேடிப் போவதும் நடக்கிறது. அந்த அவநம்பிக்கை, நமக்கு முன்னால் வழக்கை எடுத்துவிட்டுப் பிறகு வராமல் போனவர்கள் சேர்த்து வைத்தது. நாம் தொடர்ந்து வந்து நின்றுதான் அதைக் கரைக்க முடியும்.

குற்றவியல் வழக்கு நடத்த வேண்டும் என்ற ஆசையில் பட்டியலில் சேர்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2022-இல் தேசிய ஆணைக்குழு கொண்டுவந்த சட்ட உதவி எதிர்வாத வழக்கறிஞர் திட்டம் நடைமுறையில் உள்ள மாவட்டங்களில், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கான பணியைத் தலைமை, துணை, உதவி என்று மூன்று நிலைகளில் நியமிக்கப்பட்ட முழுநேர வழக்கறிஞர்கள் கவனிக்கிறார்கள். அவர்கள் தனித் தொழில் செய்யக் கூடாது. இது வேலை; வாரத்தில் ஒரு நாள் கொடுப்பவருக்கான வழியன்று. ஆயினும் மூன்றாண்டுக்கும் குறைவான அனுபவம் உள்ளவர்களும் உதவி நிலையில் சேர முடியும் என்பதால், சீனியர் அலுவலகத்தில் கட்டுத் தூக்கிக்கொண்டு, பேருந்துக் கட்டணத்துக்கே தவிக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். பட்டியல் வழக்கறிஞருக்கு இப்போது எஞ்சி நிற்பது குடும்ப வழக்குகள், உரிமையியல் வழக்குகள், பாதிக்கப்பட்டவர் தரப்பு ஆகியவை. உண்மையில் ஆள் இல்லாமல் கிடப்பதும் இவைதான்.

இரண்டாவது, எந்த அமைப்பிலும் சேராமல் சொந்த அலுவலகத்திலேயே சில வழக்குகளைக் கட்டணமின்றி எடுப்பது. நம்மில் பெரும்பாலோர் செய்வது இதுதான், நானும் பல ஆண்டுகள் இதைத்தான் செய்தேன். இதன் பெருமையை மறுக்க மாட்டேன். 12-ஆம் பிரிவுக்குள் வராத ஆனால் வழக்குச் செலவைத் தாங்க முடியாத ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது: வருமான வரம்பைக் கொஞ்சம் தாண்டிய ஆட்டோ ஓட்டுநர், கடையைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வாங்கிய தையல்காரர், மகனின் கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டு வழக்கில் மாட்டிய தந்தை. இவர்களுக்கு ஆணைக்குழுவின் கதவு திறக்காமல் போகலாம். என் அலுவலகக் கதவு திறக்கும். அரசையோ காவல்துறையையோ எதிர்த்து நிற்க வேண்டியவர்களில் பலரும், அரசு சார்ந்த எந்த அலுவலகத்துக்கும் போகத் தயங்கித் தனி வழக்கறிஞரையே தேடுகிறார்கள். 1993-இல் தென்னார்க்காட்டின் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டு உயிரிழந்தவரின் மனைவிக்காக, அன்று வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு கட்டணமின்றிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவை நடத்தினார். எந்தப் பட்டியலும் அந்தப் பணியை அவருக்கு ஒதுக்கவில்லை.

ஆனால் இந்த வழியில் யார் நம்மை வந்தடைகிறார்கள் என்று ஒரு முறை நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். வழக்கறிஞர் மன்ற விதிகளில் 36-ஆம் விதியின்படி நாம் விளம்பரம் செய்யக் கூடாது; இலவசமாக வழக்கு நடத்தப்படும் என்று பலகை மாட்ட முடியாது. ஆக, வருபவர்கள் எல்லாம் யாரோ ஒருவரைத் தெரிந்தவர்கள். குமாஸ்தாவின் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர், வீட்டு வேலைக்கு வருபவரின் தங்கை, பழைய கட்சிக்காரர் கைகாட்டி அனுப்பியவர். என் பழைய டைரிகளைப் புரட்டிப் பார்த்தபோது, இலவசமாக எடுத்த வழக்குகளில் ஒருவர்கூட முன்பின் அறிமுகம் இல்லாமல் வந்தவராக இல்லை. அறிமுகம் உள்ள ஏழைக்கு நான் உதவியிருக்கிறேன். அறிமுகமே இல்லாத ஏழை என் வாசலைக் கண்டதேயில்லை. இதைக் கண்டபோது மனம் கனத்தது.

பொறுப்புக் கேட்க ஆளில்லை என்ற குறையும் இந்த வழியிலேயே மிகுதி. இதையே தேர்ந்தெடுப்பவர்களுக்கு நான் சொல்லும் நிபந்தனை ஒன்றுண்டு: இலவச வழக்குக்கும் கட்டண வழக்குக்கும் ஒரே டைரி, ஒரே ரசீதுப் புத்தகம், ஒரே மாதிரியான கட்டு. கட்டணம் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதி, ஒவ்வொரு வாய்தா முடிந்ததும் அடுத்த தேதியையும் அன்று நடந்ததையும் ஒரு சீட்டில் எழுதிக் கட்சிக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். கையில் சீட்டு இருந்தால் கேட்க வாய் வருகிறது.

மத்திய சட்ட அமைச்சகத்தின் நீதித் துறை 2017-இல் தொடங்கிய நியாய பந்து என்ற திட்டம் மூன்றாவது வழி. வழக்கறிஞர் தன் பெயரையும் தான் நடத்தும் வழக்கு வகைகளையும் பதிவுசெய்து வைக்கிறார். 12-ஆம் பிரிவின்கீழ் தகுதியுள்ளவர் செயலி வழியாகக் கேட்கும்போது இருவரும் இணைக்கப்படுகிறார்கள். வழக்கை ஏற்கவும் மறுக்கவும் வழக்கறிஞருக்கு உரிமை உண்டு. மதிப்பூதியம் கிடையாது. நேரம் நம் கையில் இருக்கும் என்பதே இதன் பெரிய ஈர்ப்பு. எழுத்தறிவும் கைபேசிப் பழக்கமும் உள்ள, நகரத்தில் வாழும் ஒருவருக்கு இது பயன்படும். வட்ட நீதிமன்ற ஊர்களில் நான் பார்க்கும் மக்களுக்கு, நடுவில் ஒரு சட்டத் தன்னார்வலரோ பொதுச் சேவை மையத்தில் இருப்பவரோ உதவாமல் இது எட்டாது. எட்டியபின்னும் செலவும் கண்காணிப்பும் வழக்கறிஞரின் மனச்சான்றையே நம்பியிருக்கின்றன. இதைத் தனி வழியாக எடுத்துக்கொள்வதைவிட, பட்டியலில் இருப்பவர் கூடுதலாகப் பதிவுசெய்து வைத்துக்கொள்வதே சரி என்று படுகிறது.

சிறைக்குப் போவது அடுத்த வழி. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுத வேண்டும், ஏனெனில் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு பலன் தரும் பணியை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

சிறைகளில் சட்ட உதவி மையங்கள் இயங்குகின்றன. ஆணைக்குழு அனுப்பும் வழக்கறிஞர்கள் குறிப்பிட்ட நாட்களில் போகிறார்கள். ஒரு கிளைச்சிறையில் நான் உட்கார்ந்திருந்த ஒரு காலையில், வரிசையில் கடைசியாக வந்த இளைஞர் ஒருவர் தன் வழக்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "எனக்கு ஜாமீன் கெடச்சு நாப்பது நாளாச்சு மேடம், ஏன் விடல?" என்று மட்டும் கேட்டார். உத்தரவை எடுத்துப் பார்த்தேன். இரண்டு ஜாமீன்தாரர்கள், ஒவ்வொருவருக்கும் குறிப்பிட்ட தொகை. அவர் வெளிமாவட்டத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். வீட்டு வரி ரசீதும் குடும்ப அட்டையும் கொண்டுவந்து நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட அந்த ஊரில் அவருக்கு ஒருவரும் இல்லை. மேஸ்திரியின் எண்ணைப் பந்துமுனைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தார். வியர்வையில் கடைசி இரண்டு இலக்கங்கள் அழிந்திருந்தன.

இந்தக் கதை புதிதன்று. 1978-இல் மோதி ராம் வழக்கில், ஏழைக் கொத்தனார் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டதையும், வேறு மாவட்டத்தில் இருந்த அவருடைய சகோதரரின் ஜாமீனை மறுத்ததையும் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கடுமையாகக் கண்டித்தார். 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் மேலும் துல்லியமாகக் கட்டளையிட்டது: ஜாமீன் உத்தரவு மின்னஞ்சல் வழியாகச் சிறைக்கு அனுப்பப்பட வேண்டும், ஏழு நாட்களுக்குள் கைதி விடுவிக்கப்படாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதமாகியும் ஜாமீன் பத்திரம் தாக்கலாகாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். உத்தரவு இருக்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் இரண்டு பக்க மனு எழுத ஓர் ஆள்தான் இல்லை.

61-ஆம் நாளையும் 91-ஆம் நாளையும் எண்ணிச் சொல்லவும் அப்படித்தான் ஆள் தேவை. குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 187(3) பிரிவின்படி ஜாமீன் பெறுவது கைதியின் உரிமை. ஆனால் குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்னால் கேட்க வேண்டும். ஒரு நாள் பிந்தினால் உரிமை போய்விடும். அதே சட்டத்தின் 479-ஆம் பிரிவு இன்னொரு வாயில்: மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றமாக இல்லாமல், இதற்கு முன் எந்த வழக்கிலும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்படாதவராக இருந்து, அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால் அவரைப் பிணைப்பத்திரத்தில் விடுவிக்க வேண்டும். 2024 ஜூலை 1-க்கு முன்பு பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேறு வழக்குகளும் நிலுவையில் உள்ளவருக்கு இந்தச் சலுகை கிடையாது என்பதால் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டுத்தான் கணக்கிட வேண்டும். நாட்காட்டியும் பேனாவும் பொறுமையும் போதும். பெரிய வாதத்திறமை தேவையில்லை.

பின்தொடர்வதற்கு ஒருவரோடு கைகோக்காமல் சிறைக்குத் தனியாகப் போகக் கூடாது என்பதே இந்த வழியின் எல்லை. பெயர்களைக் குறித்துக்கொண்டு வந்து, வேலை நெருக்கடியில் மறந்துவிட்டால், உள்ளே ஒருவர் ஒவ்வொரு நாளும் நம் பெயரைச் சொல்லிக் காத்திருப்பார். அதனால் குறித்த பட்டியலை அன்று மாலையே எதிர்வாத வழக்கறிஞர் அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்வதை வழக்கமாக்கியிருக்கிறேன். அந்த இளைஞருக்காகத் தளர்வு மனு போடப்பட்டது. சொந்தப் பிணையில் வெளியே வந்தார்.

மக்கள் அமைப்புகளோடு சேர்ந்து வேலை செய்வது முற்றிலும் வேறு வகையான வழி. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-இல் வனத்துறையினரும் காவல்துறையினரும் நடத்திய வன்முறையில் பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் விசாரணைக் காலத்திலேயே 54 பேர் இறந்துபோனார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29-இல் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பர் 29-இல். முப்பத்தோராண்டு. அந்தப் பழங்குடிப் பெண்களை இத்தனை காலம் வழக்கோடு கட்டிக் காத்தது தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் அவர்களோடு நின்ற இயக்கத் தோழர்களும் என்றால், நீதிமன்றத்தில் தலைமுறை கடந்து தோள்மாற்றிச் சுமந்தவர்கள் வழக்கறிஞர்கள். சாட்சிகளை அழைத்து வருவது, அவர்கள் சோர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது, ஒரு வழக்கறிஞர் விலகினால் இன்னொருவரைத் தேடுவது என்று தனி மனிதரால் இயலாத பலவற்றை அமைப்பு செய்கிறது. எனக்கு முன்னால் இருக்கும் கேள்விக்கு இதுவே மிக வலுவான விடை: கேட்பதற்கு அங்கே ஒரு சங்கமே இருக்கிறது. ஆனால் நேரத்தை நாம் தீர்மானிக்க முடியாது. நள்ளிரவில் கைது என்றால் நள்ளிரவில் போக வேண்டும். அமைப்பின் நலனும் கட்சிக்காரரின் நலனும் முரண்படும் நாளும் வரும். சமரசத்துக்குச் சம்மதிக்கக் கட்சிக்காரர் விரும்புவார், அமைப்பு தீர்ப்பு வேண்டும் என்று நினைக்கும். அப்போது வக்காலத்தில் கையெழுத்துப் போட்டவர் யார் என்பதை வழக்கறிஞர் மறக்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் என்ற அளவோடு இதில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

கிராமங்களில் நடக்கும் சட்ட ஆலோசனை முகாம்களும் மையங்களும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பயன் தருவதில்லை என்று சொன்னால் சிலர் வருந்துவார்கள். ஆலோசனை சொல்லிவிட்டு, வேறு வக்கீலைப் பாருங்கள் என்று அனுப்பினால் வந்தவருக்குக் கூடுதலாக ஒரு நடைதான் மிஞ்சும். வழக்கே தேவைப்படாத இடங்களில்தான் இதன் பலன் இருக்கிறது. காவல் நிலையத்தில் புகாரைப் பதிவு செய்ய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அனுப்புவது, வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் விண்ணப்பம் எழுதுவது போன்றவை அங்கேயே முடிந்துவிடும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் ஆஜராகவே 17-ஆம் பிரிவு இடம்தரவில்லை. மகன் சோறு போடவில்லை என்று வரும் முதியவருக்கு நாம் தரக்கூடியது தெளிவாக எழுதப்பட்ட ஒரு மனு. அதை அரை மணி நேரத்தில் எழுதிவிடலாம். மாதத்தில் ஒரு காலை மட்டுமே கொடுக்க முடிகிறவர்களும், இன்னும் மூன்றாண்டு நிறையாதவர்களும் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

சென்னையிலோ மதுரையிலோ உயர் நீதிமன்றத்தில் தொழில் செய்பவர்களுக்கு, அங்குள்ள சட்டப் பணிகள் குழுக்களின் வழியாகச் சிறையிலிருந்து கைதிகள் அனுப்பும் மேல்முறையீடுகளை எடுப்பது நன்றாகப் பொருந்தும். வாய்தாக்கள் குறைவு, படிப்பு அதிகம். இரவில் வீட்டில் உட்கார்ந்து சாட்சியங்களைப் படிக்கலாம். ஆனால் அனோகிலால் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த எல்லையை ஆர்வமிகுதியில் யாரும் மீற வேண்டாம்: ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ விதிக்கப்படக்கூடிய வழக்குகளில், குறைந்தது பத்தாண்டு அனுபவம் உள்ளவர்களையே சட்ட உதவிக்கு நியமிக்க வேண்டும் என்றும், தயாரிப்புக்குப் பொதுவாகக் குறைந்தது ஏழு நாள் தர வேண்டும் என்றும் அது சொன்னது. அந்த வழக்கில் வழக்கறிஞர் நியமிக்கப்பட்ட அதே நாளில் குற்றச்சாட்டுகள் வனையப்பட்டு, சில நாட்களுக்குள் விசாரணை முடிந்து, மரண தண்டனையும் விதிக்கப்பட்டிருந்தது. ஏழையின் வழக்கில் நாம் தொழில் பழகக் கூடாது.

இவற்றையெல்லாம் எடைபோட்டு, மூன்றாண்டு கடந்து பத்தாண்டு நிறையாத, மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் கொடுக்க முன்வந்தால் நான் சொல்வது இதுதான். ஆணைக்குழுப் பட்டியலில் சேருங்கள். ஒரே நேரத்தில் நான்கு வழக்குகளுக்கு மேல் வேண்டாம் என்று செயலாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு இருபது வாங்கிப் பதினாறைக் கைவிடுவதைவிட இது மரியாதை. என் அனுபவத்தில் ஒரு ஜீவனாம்ச மனு தாக்கலில் தொடங்கி உத்தரவுவரை பன்னிரண்டு, பதினைந்து காலைப் பொழுதுகளைத் தின்னும். உத்தரவு வந்தபின் தொகையை வசூலிக்கும் மனு தனி. நான்கு வழக்குகள் என்றால் வாரத்தில் அந்த ஒரு நாள் நிறைந்துவிடும். அந்தக் கிழமை ஐந்து முறை வரும் மாதங்களில் அந்த ஐந்தாவது காலையைச் சிறைக்குக் கொடுங்கள். 12-ஆம் பிரிவுக்குள் வராத ஒருவர் அலுவலகத்துக்கு வந்தால், ஆண்டுக்கு ஒருவர் இருவர் என்ற அளவில், மேலே சொன்ன சீட்டு முறையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

வயர் கூடையுடன் வந்த அந்தப் பெண்ணின் வழக்கை என் சொந்தப் பொறுப்பில் எடுத்துக்கொள்ளவே முதலில் கை போனது. அப்படிச் செய்யவில்லை. வட்டச் சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்கு அவரை அழைத்துப் போய் விண்ணப்பம் எழுதவைத்தேன். பட்டியலில் உள்ளவர்களில் இன்னார் வேண்டும் என்று விண்ணப்பதாரர் கேட்டால் அதைப் பரிசீலிக்க ஒழுங்குமுறையில் இடமிருக்கிறது. அவர் என் பெயரைக் குறிப்பிட்டார், ஒதுக்கீடு வந்தது. முதல் வாய்தா முடிந்து வராந்தாவுக்கு வந்ததும் அடுத்த தேதி எழுதிய சீட்டைக் கொடுத்தேன். கட்டின் மேலட்டையில் என் கைபேசி எண்ணுக்குக் கீழே குழு அலுவலகத்தின் எண்ணையும் அவரையே எழுதச் சொன்னேன். எழுதி முடித்துவிட்டு, "நீங்க வரலேன்னா இங்க கூப்பிடலாமா வக்கீலம்மா?" என்று கேட்டார். கூப்பிடலாம் என்றேன்.